சகலையின் அடுப்பில் என்ன கரி

காரிமங்கலம் சந்தையில் மதலைமுத்துவின் கடைக்கு வயது ஒன்பது. அவருடைய சகலை ஞானராஜின் கடைக்கு வயது ஆறு மாதம். ஒன்பது வயசுக் கடை ஈ ஓட்டிக்கொண்டிருக்க, ஆறு மாசக் கடை எழுந்து ஓடுகிறதென்றால் வயிறு எரியாத மனுசன் யார்? அப்படி ஒருவர் இருந்தால் அவரைக் கோயில் பீடத்திலேயே ஏற்றி வைத்துவிடலாம். மதலைமுத்து பீடத்துக்கு ஆசைப்பட்டவர் இல்லை.

கடை என்றால் கூரை, பெஞ்சு என்று எதுவும் கிடையாது. தார் டிரம்மை நீளவாக்கில் பிளந்து கால் வைத்த அடுப்பு ஒன்று. அதில் கரி. அதற்கு மேலே சைக்கிள் போக்ஸ் கம்பியில் கோத்த ஆட்டுக்கறித் துண்டுகள். மாடு விற்க வந்தவரும் புளி வாங்க வந்தவரும் நின்ற வாக்கில் நாலு கம்பியைத் தின்றுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போவார்கள். போய்க்கொண்டிருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். இப்போது அவர்கள் எதிரே இருபது தப்படி தள்ளி ஞானராஜின் அடுப்பைச் சுற்றி நின்றார்கள்.

இப்படியே போனால் கிறிஸ்துமசுக்குள் டிரம்மைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, ஓசூர் கம்பெனி ஏதாவது ஒன்றின் வாசலில் வாட்ச்மேனாக நிற்க வேண்டியதுதான் என்று ராஜமேரி புருசனின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். வாட்ச்மேனாக நிற்பதில் மதலைமுத்துவுக்கு வருத்தமில்லை. தான் ஓசூரில் நிற்கிற நேரத்தில் ஞானராஜ் இங்கே சுட்டுக்கொண்டிருப்பானே என்பதுதான் சோறு இறங்காமல் செய்தது.

அவர் உட்கார்ந்து யோசித்தார். கறி இருவருக்கும் ஒரே கசாப்புக் கடையிலிருந்து வந்தது. மசாலாவும் ஒன்றுதான். மாமியார் ஆரோக்கியம்மாள் சந்தைக்கு முந்தின நாள் மொத்தமாக அரைத்து, இரண்டு மருமகன்களுக்கும் ஒரே கிண்ணத்தால் அளந்து, கிண்ணத்துக்கு மேலே நிற்பதை விரலால் வழித்துவிட்டுக் கொடுப்பாள். பெரியவனுக்கு ஒரு விரல் கூட, சின்னவனுக்கு ஒரு விரல் குறை என்று நாளைக்கு எந்த மகளும் கண்ணைக் கசக்கக் கூடாது என்பது அவள் ஏற்பாடு. உப்பைக்கூட அவளே போட்டுவிடுவாள். கறியும் ஒன்று, மசாலாவும் ஒன்று, உப்பும் ஒன்று என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? கரிதான் இருக்கிறது. சூது கரியில் இருக்கிறது.

ஞானராஜிடம் நேரில் கேட்டாயிற்று. கரிக்கார மாதுவின் வண்டியில் வருகிற அதே வேலங்கரிதான் அண்ணே, நீங்களும் அதைத்தானே வாங்குறீங்க என்றான். உண்மையைச் சொல்கிறவன் இவ்வளவு சீக்கிரம் சொல்வானா என்று மதலைமுத்துவுக்குச் சந்தேகம் வலுத்தது. ஒரு சந்தையன்று பேச்சுக் கொடுத்தபடியே சகலையின் சாக்கிலிருந்து ஒரு துண்டுக் கரியைத் தோள்துண்டில் மறைத்துக் கொண்டுவந்தார். தன் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் கருப்பாக இருந்தன. அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

பிறகு புளியங்கரியில் சுட்டுப் பார்த்தார். வேலிக்காத்தான் கரியில் சுட்டுப் பார்த்தார். எதில் சுட்டாலும் ஒரு பக்கம் தீய்ந்தது, மறு பக்கம் ரத்தம் கசிந்தது. கை கம்பியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது கண் எதிர்க்கடையில் தலை எண்ணிக்கொண்டிருந்ததை அவர் ஒரு காரணமாக நினைக்கவில்லை. ராஜமேரி ஒருமுறை, அடுப்பைப் பார்த்துச் சுடுங்க என்று சொன்னாள். ஒன்பது வருசமாகச் சுடுகிறவனுக்குப் பாடம் எடுக்கிறாயா என்று கேட்டு அவள் வாயை அடைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் தருமபுரி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரர் பூப்போட்ட சட்டைக்கு மேல் சமையல்காரர் முன்துணி கட்டி, அடுப்புக்கு முன்னால் நின்று சிரித்தார். கீழே எழுதியிருந்தது: ‘உங்கள் சமையல் பாணிக்கேற்ற கரி எது? அணுகுவீர்: அடுப்புக்கரி ஒழுங்கு மற்றும் மேம்பாட்டு வாரியம், மாவட்டக் கிளை.’

வாரியம் பிறந்த கதை சின்னது. எண்பத்தொன்றில் மேலிடத்து அதிகாரி ஒருவர் விறகைப் பற்றி ஆராய வெளிநாடு போனார். இருபத்தோரு நாள் இருந்து ஒரு கோட்டும் ஒரு சின்னப் புத்தகமும் வாங்கி வந்தார். கோட்டை அவர் வைத்துக்கொண்டார். புத்தகத்துக்கு ஒரு வாரியம் அமைத்தார்கள். பார்பெக்யூ என்று அந்த ஊரில் சொல்லப்படும் சுட்டகறி விருந்துக்கு எந்தப் பாணியில் சுட்டால் எந்தக் கரியைப் போட வேண்டும் என்பது அந்தப் புத்தகத்தின் பொருள். அதை மொழிபெயர்க்க ஐந்து பேர் கொண்ட குழு இரண்டு வருடம் எடுத்துக்கொண்டது. அந்த ஐந்து பேரில் யாரும் அடுப்பு மூட்டியவர்கள் இல்லை என்பதால் மொழிபெயர்ப்பில் எந்தச் சொந்தக் கருத்தும் கலக்கவில்லை.

அலுவலகத்தில் எழுத்தர் முனிராஜ் ஒரு படிவத்தை எடுத்தார். முப்பத்தோரு கேள்விகள், மூன்று நகல். முதல் கேள்வி, விண்ணப்பதாரரின் வீட்டுப் பின்புறப் புல்வெளியின் பரப்பு.

“எங்க வூட்டுப் பின்னால புல்லு கெடையாதுங்க. அவரைக் கொடிதான் கெடக்குது.”

முனிராஜ் ‘புல்வெளி: அவரை’ என்று எழுதிக்கொண்டார். விருந்தினர் நின்றபடி உண்கிறார்களா, சாய்வு நாற்காலியில் அமர்ந்தா என்பது அடுத்தது. நின்றபடிதான் என்றதும், அது மேல்நாட்டு முறை, நல்ல மதிப்பெண் வரும் என்று பாராட்டினார். பதினான்காம் கேள்வியில் கொஞ்சம் தயங்கினார்கள். விண்ணப்பதாரர் இறைச்சியைச் சுடுகிறாரா, வாட்டுகிறாரா, கருக்குகிறாரா? மதலைமுத்து மூன்றையும் ஒரே கம்பியில் செய்துகொண்டிருந்தார். ஆனால் அதைச் சொல்லவில்லை.

எனக்கு இவ்வளவெல்லாம் வேண்டாம், ஞானராஜ் என்கிற என் சகலை எந்தக் கரியைப் போடுகிறான் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று அவர் கெஞ்சினார். அவன் இங்கே வந்து கேட்டுக்கொண்டு போனானா என்றும் குரலைத் தாழ்த்திக் கேட்டார். பிறருடைய விவரம் ரகசியம் என்றார் முனிராஜ். கிளை திறந்த நாளிலிருந்து மதலைமுத்துதான் முதல் விண்ணப்பதாரர். ஆனால் ரகசியம் என்ற சொல்லைக் கேட்டதும், சகலை தனக்கு முன்னாலேயே இங்கே வந்து காரியத்தை முடித்துக்கொண்டு போய்விட்டான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. ராத்திரி பகலாக ஒரே எண்ணம், அந்தப் பயல் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பான் என்று.

கிளை மேலாளர் குப்புராஜின் அறையில் கண்ணாடிப் பெட்டிகளில் பஞ்சு விரித்து, பஞ்சின் மேல் கரித்துண்டுகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டியிருந்தார்கள். குப்புராஜின் சட்டை வெள்ளையாக இருந்தது. மேசையில் ஒரு தூசு கிடையாது. இவ்வளவு சுத்தமான இடத்தில் உண்மை இல்லாமல் போகாது என்று மதலைமுத்துவுக்கு நம்பிக்கை வந்தது.

“இந்தக் கிளை ஆரம்பிச்சு நாலு வருசம் ஆவுது” என்றார் குப்புராஜ். “இதுநாள் வரைக்கும் தப்பான கரி ஒரு துண்டுகூட இந்த ஆபீச வுட்டு வெளிய போனதில்ல. என்ன காரணம்? எந்தக் கரியும் போனதில்ல. அவ்வளவு கண்டிப்பு.”

குடோனில் நாற்பது டன் கரி வகைப்படுத்தக் காத்திருப்பதாகவும், கூரை ஒழுகி அது நனைந்துகொண்டிருப்பதாகவும், மழை வேறு துறை என்பதால் இவர்கள் தலையிட முடியாதென்றும் அவரே விளக்கினார். ஐயா வீட்டில் எந்தக் கரிங்க என்று மதலைமுத்து மரியாதையாகக் கேட்டார்.

“எங்க வூட்ல கேஸ். அதனாலதான் கரி விசயத்துல நான் யார் பக்கமும் சாயாம இருக்க முடியுது.”

பாணி நிர்ணயத் தேர்வு அடுத்த மாதம் நடந்தது. அலுவலகத்துக்குள் தீ மூட்டக் கூடாது என்பது விதி, ஏனென்றால் கோப்புகள் இருந்தன. இறைச்சி கொண்டுவரக் கூடாது என்பது இன்னொரு விதி, ஏனென்றால் எறும்பு வரும். ஆகவே மதலைமுத்து குளிர்ந்த கரிக்கு முன்னால் குந்தி, முனிராஜ் கோத்துக் கொடுத்த ரப்பர் துண்டுகளைக் கம்பியில் திருப்பித் திருப்பிச் சுட்டுக் காட்டினார். விசிறினார். எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் பிழிந்தார். குப்புராஜும் சேலத்திலிருந்து வந்திருந்த இரண்டு உறுப்பினர்களும் குறிப்பெடுத்தார்கள். ஒருவர் ரப்பர் வெந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் ஒரு புரட்டு இருக்குதுங்க என்றார் மதலைமுத்து.

மூலையில் நின்றிருந்த பியூன் பச்சியப்பன் ஒரு காலத்தில் ஓட்டல் அடுப்படியில் வேலை பார்த்தவன். “இவரு அடுப்பப் பாக்கறதே இல்லைங்களே. எதுத்தாப்புல இல்லாத கடையத்தான் பாத்துக்கிட்டிருக்காரு” என்று அவன் பாட்டுக்குச் சொன்னான். முனிராஜ் அதையும் எழுதிவிட்டார். இப்படி ஒரு குறைக்குப் படிவத்தில் இடமே இல்லை என்று குப்புராஜ் அந்த வரியை அடித்துவிட்டார். கிளையின் நாலு வருசச் சரித்திரத்தில் அங்கே எழுதப்பட்ட ஒரே உண்மை அது.

முடிவு மூன்று மாதம் கழித்துத் தபாலில் வந்தது. பாணி: வாட்டல், இரண்டாம் வகை. தகுந்த கரி: கொட்டாங்குச்சிக் கரி. இருப்பு: இல்லை. இரண்டாம் வகை என்ற எழுத்தைப் பார்த்ததும் மதலைமுத்துவுக்குக் காதெல்லாம் சூடேறியது. அப்படியானால் முதல் வகை எவன்? கேட்க வேண்டியதே இல்லை.

கடுதாசியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே போனார். பிறருடைய கரியைப் பற்றி அறிய ஒரே வழி புகார் கொடுப்பதுதான், புகார் வந்தால் வாரியமே நேரில் வந்து கண்டுபிடித்துவிடும் என்றார் முனிராஜ். புகாரின் வாசகத்தையும் அவரே சொல்லிக் கொடுத்தார். ‘மேற்படி ஞானராஜ் இன்னதென்று தெரியாத கரியைப் பயன்படுத்திப் பொதுமக்களைத் தன் கடையின் முன் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து வருகிறார். இதனால் நான் பாதிக்கப்பட்டுள்ளேன்.’ பேர் வெளியே வராது என்று உத்தரவாதம் கொடுத்தார்கள். தனக்கு ஒரு கண் போனாலும் எதிராளிக்கு ரெண்டு கண்ணும் போகட்டும் என்று மதலைமுத்து கீழே கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் திரும்பும்போது பல நாளுக்குப் பிறகு பசி எடுத்தது.

அடுத்த சந்தையன்று ஜீப் வந்தது. குப்புராஜ் இறங்கினார், முனிராஜ் இறங்கினார், அரக்கும் முத்திரையும் தூக்கிக்கொண்டு பச்சியப்பன் இறங்கினான். ஞானராஜின் சாக்கிலிருந்து அரைப்படி கரியை மாதிரியாக எடுத்துத் துணிப்பையில் கட்டினார்கள். அடுத்தது அடுப்புக்கு முத்திரை வைக்க வேண்டும். சூடாக இருந்தால் அரக்கு உருகிவிடும், ஆகவே அடுப்பு ஆறிய பிறகே வைக்க வேண்டும் என்பது விதி. அதுவரை கடையை நிறுத்தச் சொல்ல விதி இல்லை. ஞானராஜ் சுட்டுக்கொண்டே இருந்தான். அடுப்பு ஆறவில்லை. அதிகாரிகள் காத்திருந்தார்கள். பதினொரு மணிக்குக் காத்திருக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு மணிக்கு மூக்கில் வாசனை ஏறியது. இதுவும் ஆய்வில் அடக்கம்தான் என்று குப்புராஜ் ஒரு கம்பியை வாங்கினார். மூன்று மணிக்குள் ஆய்வு இருபத்திரண்டு கம்பி வரை போயிருந்தது.

எதிரே மதலைமுத்து விசிறியைப் பிடித்தபடி நின்றார். அவருடைய அடுப்பில் புகை மட்டும் வந்தது. தன் புகாரின் பேரில், தன் பஸ் காசில் வரவழைத்த ஜீப்பு, எதிர்க்கடையில் நின்று தின்றுகொண்டிருக்கிறது. பொறுக்க முடியவில்லை. ஒரு தட்டில் நாலு கம்பியை வைத்துக்கொண்டு போய், ஐயா நம்ம கடைக் கறியையும் கொஞ்சம் பாக்கணும் என்று நீட்டினார்.

குப்புராஜ் தட்டை விலக்கினார். “புகார் கொடுத்தவர் கடையில சாப்பிட்டா அது லஞ்சம். புகாருக்கு ஆளானவர் கடையில சாப்பிட்டா அது ஆய்வு. ரகசியம் காக்கறதுல எங்க வாரியம் எப்பிடின்னு உங்களுக்குத் தெரியாததா, மதலைமுத்து?”

சந்தை முழுக்கக் கேட்டது. ஞானராஜ் கம்பியைத் திருப்புவதை நிறுத்தவில்லை. திருப்பிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு மூட்டைக் கரிய நானே வூட்ல எறக்கியிருப்பேனே அண்ணே.”

அவன் கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் மதலைமுத்துவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நல்ல குணத்திலும் அவனே முந்திக்கொண்டான். இதை யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

மாதிரியின் முடிவு நாலு மாதம் கழித்து வந்தது. ‘அனுப்பப்பட்ட பொருளைத் தீயிலிட்டபோது எரிந்தது. எனவே அது கரி என உறுதி செய்யப்படுகிறது. மேற்கொண்டு ஆய்வு செய்ய மாதிரி மீதமில்லை.’ இதன் பேரில் இரு தரப்பையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

தருமபுரிக்கு இரண்டு சகலைகளும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் போனார்கள். ஆரோக்கியம்மாள் இருவருக்கும் சேர்த்து ஒரே தூக்கில் புளிசாதம் கொடுத்தனுப்பியிருந்தாள். தூக்கு இருவர் மடியிலும் பாதி பாதியாக உட்கார்ந்திருந்தது. ஞானராஜ் வழியெல்லாம் மழை இல்லாததைப் பற்றியே பேசினான். மதலைமுத்து ஜன்னலைப் பார்த்தார். இன்றோடு இவன் கடைக்கு ஒரு முடிவு வந்துவிடும் என்ற எண்ணம் அவருக்கு இனிப்பாக இருந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். ஆனால் அப்படி இல்லை.

சேலத்து உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். கரியை எந்தப் பிரிவின் கீழ், எந்த அட்டவணைப்படி தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று ஞானராஜைக் கேட்டார்கள். அவனுக்குக் கேள்வி புரியவில்லை. புரிந்த அளவுக்குப் பதில் சொன்னான்.

“ரெண்டு துண்ட எடுத்து ஒண்ணோட ஒண்ணத் தட்டிப் பாப்பேங்க. கணீர்னு சத்தம் வந்தா நல்லா வெந்த கரி, எடுத்துக்குவேன். மொத்துனு கேட்டா உள்ள ஈரம் இருக்குது, பொகையும், வெச்சிருவேன். அப்பறம் மேல வெள்ளையா சாம்பல் பூக்கற வரைக்கும் கறிய வெக்க மாட்டேன். அவ்வளவுதாங்க.”

குப்புராஜ் எழுந்து, ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இரண்டு துண்டுகளை எடுத்துத் தட்டினார். கணீர் என்றது. வேறு இரண்டை எடுத்துத் தட்டினார். மொத்தென்றது. நாலு வருசமாகக் கரியோடு குடும்பம் நடத்தியவருக்குக் கரி பேசும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சேலத்து உறுப்பினர்கள் ஆளுக்கு இரண்டு துண்டு வாங்கித் தட்டிப் பார்த்தார்கள். அரைமணி நேரம் அறையில் அந்தச் சத்தம்தான். இது நமக்கும் தெரியுமே, வண்டிக்கார மாதுவுக்கும் தெரியுமே என்று மதலைமுத்து எழுந்து சொல்லப் பார்த்தார். புகார்தாரர் குறுக்கே பேசக் கூடாது என்று முனிராஜ் உட்கார வைத்தார்.

குப்புராஜ் உணர்ச்சிவசப்பட்டார். “இப்படிப்பட்ட ஒரு அறிவு தனியார் கையில இருக்கறது மக்களுக்கு நல்லதில்ல. இவரு வெளியில இருந்தா வாரியம் எதுக்குன்னு நாளைக்கு எவனாவது கேப்பான். உள்ள இருந்தா எவனும் கேக்க மாட்டான்.”

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. கரி ஒலி ஆலோசகர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, அதில் ஞானராஜை அமர்த்தினார்கள். மாதச் சம்பளம், மேசை, நாற்காலி, மின்விசிறிக்கு அடியில் இடம். வாரிய ஊழியர் சொந்த வியாபாரம் செய்யக் கூடாது என்பதால் சந்தைக் கடையை மூட வேண்டும். மூடினான். மதலைமுத்துவின் புகார் முழுமையாக வெற்றி பெற்றது. எதிராளியின் இரண்டு கண்ணும் போக வேண்டும் என்று கேட்டவருக்கு, எதிராளிக்கு நெற்றியில் மூன்றாவது கண் முளைத்ததைப் பார்க்கும்படி ஆயிற்று.

எதிரே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதால் மதலைமுத்து அடுப்பைப் பார்த்தார். கறி பதமாக வெந்தது. ஆட்கள் வந்தார்கள். மூன்று சந்தைக்குள் பழைய கூட்டமும் ஞானராஜின் கூட்டமும் சேர்ந்து அவருடைய அடுப்பைச் சுற்றி நின்றன. ஓசூர் பேச்சே அடங்கிவிட்டது. கேட்டதெல்லாம் கிடைத்த மனிதன் எப்படி இருப்பானோ அப்படி அவர் இல்லை. ஈஸ்டர் விருந்துக்கு மாமியார் வீட்டுக்குப் போனபோது ஞானராஜ் பேண்ட் போட்டிருந்தான். பேண்ட் கசங்குமென்று ஆரோக்கியம்மாள் அவனுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து இரும்பு நாற்காலி வாங்கி வந்து போட்டாள். மதலைமுத்துவுக்குப் பாய். ஈரல் துண்டு முதலில் நாற்காலிக்குப் போனது. கிண்ணத்து மசாலாவை விரலால் வழித்து அளந்தவள் அவள்தானா என்று மதலைமுத்து திகைத்தார். கவர்மென்ட்டு ஆளு, பசி தாங்காது என்று அவள் காரணமும் சொன்னாள்.

வீட்டு வாசலில் வந்து நின்றதும் ராஜமேரி பிடித்துக்கொண்டாள்.

“நீங்க ஒரு மனு எழுதிப் போட்டீங்க, எந் தங்கச்சி புருசனுக்கு உத்தியோகம் கெடச்சிருச்சு. உங்க மேல ஒரு மனு எழுதிப் போடறதுக்கு இந்தச் சுத்துப்பட்டுல ஒரு ஆளு இல்லையா? ஒன்பது வருசமா கடை வெச்சிருக்கீங்களே, உங்களப் பாத்து ஒருத்தனுக்காவது வயிறு எரியலையா?”

இது நியாயமான கேள்வி என்று மதலைமுத்துவுக்குப் பட்டது. மறுநாளிலிருந்து ஆள் தேட ஆரம்பித்தார். மாதுவிடம் போய், என் மேல் ஒரு புகார் எழுதிக் கொடு என்று கேட்டார். உங்க மேல எனக்கென்ன கோவம் என்றான் மாது. கோபம் வேண்டாம், பொறாமை இருந்தால் போதும் என்றார். மாது ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, மனசாரச் சொன்னால் அதுவும் இல்லை என்றான். கசாப்புக் கடைக்காரர், டீக்கடைக்காரர், வெற்றிலைக்காரி என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அத்தனை பேரும் நல்லவர்களாக இருந்தார்கள். உங்களைப் பார்த்தால் எங்களுக்கு இரக்கம்தான் வருகிறது என்று வெற்றிலைக்காரி ஒருத்தி வெளிப்படையாகவே சொன்னாள்.

கடைசியில் தன் மேல் தானே ஒரு புகார் எழுதி, தன் பேரையே போட்டு, வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

பதிலைக் கொண்டுவந்தவன் ஞானராஜ். சந்தையன்று மத்தியானம் ஜீப்பை விட்டு இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கடுதாசியைக் கொடுத்தான். ராஜமேரி அப்போது பின்னால் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். ‘தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டது. புகார் ஏற்கப்பட வேண்டுமானால் தங்களால் பாதிக்கப்பட்ட நபர் ஒருவர் இருக்க வேண்டும். விசாரித்ததில் அப்படி யாரும் இல்லை எனத் தெரிய வருவதால் கோப்பு முடிக்கப்பட்டது.’

மதலைமுத்து அதை இரண்டு தடவை படித்தார். ஞானராஜ் போகவில்லை. பேண்ட்டில் கரி படாமல் ஒதுங்கி நின்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கரியின் மேல் சாம்பல் வெள்ளையாகப் பூத்திருந்தது. கம்பியிலிருந்து கொழுப்பு சொட்டிச் சொர்ரென்றது. சுற்றிலும் பதினைந்து பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“நாள் முச்சூடும் கரியத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு எழுதறேண்ணே” என்றான் ஞானராஜ். “ஒரு துண்டையாவது பத்த வெக்க விட மாட்டேங்கறாங்க. இந்தக் கூட்டம், இந்த நெருப்பு, இதெல்லாம் எனக்கு இருந்தது. உங்களப் பாத்தா எனக்கு அவ்வளவு பொறாமையா இருக்குது.”

மதலைமுத்துவின் கை கம்பியோடு நின்றது. ஆறு வருசம் மழை காணாத காட்டில் தூறல் விழுந்த மாதிரி இருந்தது. விரல் நுனி வரைக்கும் குளிர்ந்தது.

“அத எழுத்துல குடுங்க தம்பி.”

ஞானராஜ் முடியாதென்று தலையை ஆட்டினான். வாரிய ஊழியர் சொந்தக்காரர் மேல் புகார் கொடுக்க விதி இல்லை என்றான். நானும் முனிராஜைக் கேட்டுப் பார்த்தேன் அண்ணே என்றான்.

கம்பியில் ஒரு பக்கம் தீயத் தொடங்கியது. மதலைமுத்து அதைக் கவனிக்கவில்லை. பின்னால் திரும்பி, வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பெண்டாட்டியைப் பார்த்தார்.

“அப்பிடின்னா இப்ப சொன்னதையே இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க. ராஜமேரி காதுல விழட்டும்.”